கிணறு பொது, வண்டிக்குக் கூலி!

இனாமாகக் கிடைக்கும் சரக்கை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

வாங்குகிறார்கள். பாங்கிகள் வாங்குகின்றன. விமானக் கம்பெனிகள் வாங்குகின்றன. சர்க்கார்கள் வாங்குகின்றன. அப்படி விற்றே பெரிய ஆளான ஓர் அமெரிக்கக் கம்பெனியை, 2019-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

அந்தக் கம்பெனியின் பெயர் ரெட் ஹாட். சிவப்புத் தொப்பி என்று அர்த்தம். அது விற்கும் சரக்கின் பெயர் லினக்ஸ்.

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்தும் சாப்ட்வேர். கம்ப்யூட்டர் உடம்பு என்றால், சாப்ட்வேர் அதற்கு உயிர். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒதுங்க முடியாது. ஆண்டிராய்டு போன் வைத்திருப்பவர் ஒவ்வொருவருடைய சட்டைப் பையிலும் லினக்ஸ் இருக்கிறது. உலகத்திலேயே அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை வெளிவருகிறது. 2017-ம் ஆண்டு நவம்பர் பட்டியலில் அந்த ஐந்நூறும் லினக்சில் ஓடின. அதில் ஒன்றுகூட வேறு கிடையாது.

இதைத் தனி ஒருவர் எழுதவில்லை. பல நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதினார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம். பிரதி எடுக்கலாம். திருத்தலாம். அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதுதான் ஏற்பாடு.

அப்படிப்பட்ட பொதுச் சொத்துக்கு ஒரு கம்பெனி விலை வைப்பது நியாயமா?

நியாயம்தான். விலை வைக்கத்தான் வேண்டும். ஆனால் எதற்கு விலை வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2023-ம் ஆண்டு ரெட் ஹாட் செய்த காரியம் அந்த இடத்தில்தான் இடறுகிறது.

காகிதம் சிக்கிய கதை

விஷயம் ஒரு அச்சு யந்திரத்தில் தொடங்கியது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். கெட்டிக்காரர். அதைவிடப் பிடிவாதக்காரர்.

1980-ம் ஆண்டு வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனி அவர்களுக்கு ஒரு புது லேசர் அச்சு யந்திரம் கொடுத்தது. நல்ல யந்திரம்தான். ஆனால் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். யந்திரம் ஒரு மாடியில். வேலை செய்கிறவர்கள் வேறு மாடியில். அச்சாகிவிட்டிருக்கும் என்று இறங்கிப் போய்ப் பார்த்தால், காகிதம் சிக்கி எல்லாம் அப்படியே நிற்கும்!

இதற்கு முன்பிருந்த பழைய யந்திரத்திலும் இதே தொல்லை உண்டு. அதன் சாப்ட்வேரில் ஸ்டால்மன் ஒரு சின்னத் திருத்தம் செய்து வைத்திருந்தார். காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களுக்கு உடனே தகவல் போய்விடும். யாராவது ஒருவர் போய் எடுத்துவிடுவார். புது யந்திரத்திலும் அதையே செய்ய நினைத்தார். முடியவில்லை.

ஏன்?

சாப்ட்வேருக்கு இரண்டு வடிவம் உண்டு. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவது ஒன்று. அதுதான் மூலப் பிரதி. கம்ப்யூட்டர்காரர்கள் "சோர்ஸ் கோட்" என்கிறார்கள். அதை யந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றினால் வெறும் எண்களின் குவியல் ஆகிவிடும். யந்திரம் அதைக் கொண்டு ஓடும். மனிதரால் படிக்க முடியாது. வைத்தியர் கொடுக்கும் சூரணத்தைப் போல. சாப்பிட்டால் குணம் ஆகும். ஆனால் அதில் என்ன மூலிகை, எவ்வளவு சேர்மானம் என்று பொடியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஏட்டுச் சுவடி வைத்தியரின் பெட்டிக்குள் இருக்கிறது.

ஜெராக்ஸ் கம்பெனி பொடியைக் கொடுத்தது, சுவடியைக் கொடுக்கவில்லை. வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த மூலப் பிரதி இருப்பதாகத் தெரிந்தது. ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். "கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார்.

ஸ்டால்மனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அப்புறம் ஆறவே இல்லை.

1983-ம் ஆண்டு செப்டம்பரில் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மூடி வைக்காத சாப்ட்வேர் ஒன்றை அடியிலிருந்து நுனி வரை எழுதப் போவதாகச் சொன்னார். அதற்குக் "குனூ" என்று பெயர் வைத்தார். 1984-ம் ஆண்டு ஜனவரியில் வேலையை ராஜினாமா செய்தார்.

நாடாவுக்கு 150 டாலர்

வேலையை விட்டாயிற்று. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அவர் எழுதியவற்றில் "ஈமாக்ஸ்" என்ற சாப்ட்வேர் பிரபலமாயிற்று. கம்ப்யூட்டரில் எழுத்து வேலை செய்ய உதவுவது. பலர் கேட்டார்கள். கம்ப்யூட்டர் இணைப்பு வசதி உள்ளவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வசதி எத்தனை பேருக்கு இருந்தது?

இல்லாதவர்களுக்காக ஒரு வழி செய்தார். "150 டாலர் அனுப்புங்கள். காந்த நாடாவில் பதிவு செய்து தபாலில் அனுப்புகிறேன்" என்று அறிவித்தார். 1985-ம் ஆண்டு நடந்தது இது. திறந்த சாப்ட்வேரை வைத்து நடந்த முதல் வியாபாரங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். செய்தவர் யார்? சாப்ட்வேரைப் பூட்டி வைப்பது பாவம் என்று சொன்ன அதே மனிதர்!

இதில் முரண்பாடு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஆங்கிலம்தான் காரணம். அந்த மொழியில் "ஃப்ரீ" என்று ஒரே சொல். அதற்கு "இனாம்" என்றும் அர்த்தம். "சுதந்திரமானது" என்றும் அர்த்தம். ஸ்டால்மன் சொன்னது இரண்டாவதை. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது முதலாவதை. தாம் சொல்ல வந்தது காசைப் பற்றி அல்ல என்று விளக்கியே அவருக்குப் பாதி ஆயுள் போயிற்று. தமிழில் அந்தக் கஷ்டம் இல்லை. இனாம் வேறு, சுதந்திரம் வேறு. "கட்டற்ற மென்பொருள்" என்று தமிழில் சொல்கிறார்கள். விலை பற்றிய பேச்சே அதில் வரவில்லை.

1989-ம் ஆண்டு அவர் தம் கொள்கையைச் சட்டப் பத்திரமாக எழுதினார். அதன் பெயர் ஜி.பி.எல். அதில் அடங்கியிருக்கும் சங்கதி இதுதான். இந்தச் சாப்ட்வேரை யாரும் விற்கலாம். எவ்வளவு விலை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் யந்திரப் பிரதியை யாருக்குக் கொடுக்கிறாயோ, அவருக்கு மூலப் பிரதியையும் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்க விரும்பினால் தடுக்கக் கூடாது. உனக்குக் கிடைத்த உரிமை அவருக்கும் உண்டு; அதற்கு மேல் புதுக் கட்டுப்பாடு விதிக்காதே.

இந்தக் கடைசி வாசகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு நடந்த சண்டை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

கல்லூரி மாணவர் மாற்றிய மனசு

1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்சின் முதல் பகுதியை எழுதி வெளியிட்டார்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சமாசாரம் இதில் உண்டு. லினக்சை யாரும் காசுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவர் முதலில் நிபந்தனை போட்டார். பிரதி எடுத்துக் கொடுக்கும் கூலிகூட வாங்கக் கூடாதாம்! நல்ல எண்ணம்தான். ஆனால் நடைமுறைக்கு ஒத்து வரவில்லை. லினக்ஸ் பிரியர்கள் கூடும் இடங்களில் சிலர் அதைத் தகடுகளில் பிரதி எடுத்துக் கொடுக்க முன்வந்தார்கள். தகட்டுக்கு விலை இருக்கிறது. பிரதி எடுக்க நேரம் ஆகிறது. அந்தச் செலவையும் வாங்கக் கூடாது என்றால் எவன் கொடுப்பான்?

டார்வால்ட்ஸ் யோசித்தார். 1992-ம் ஆண்டு தம் நிபந்தனையை எடுத்துவிட்டு, ஸ்டால்மனின் ஜி.பி.எல். பத்திரத்தின் கீழ் லினக்சைக் கொண்டுவந்தார். தாம் செய்தவற்றிலேயே நல்ல காரியம் அது என்று பின்னர் சொன்னார்.

காசு வாங்கத் தடை போட்டபோது லினக்ஸ் சிலருடைய பொழுதுபோக்காக இருந்தது. தடையை நீக்கியதும் ஊர் ஊராகப் போயிற்று. காரணம் சுலபம். சுமந்து செல்கிறவனுக்கு அதில் நாலு காசு கிடைத்தது.

கிணறு ஊருக்குப் பொது. ஆனால் கிணறு ஊர்க்கோடியில் இருக்கிறது. வீட்டில் வயதான பாட்டி. குடம் தூக்க ஆள் இல்லை. தண்ணீர் வண்டிக்காரர் வருகிறார். குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஊற்றிவிட்டுப் போகிறார். "கிணறு உன் வீட்டுச் சொத்தா? எப்படிக் காசு கேட்கலாம்?" என்று எந்தப் பாட்டியும் சண்டைக்குப் போவதில்லை. வாங்குவது மாட்டுக்கும் வண்டிக்கும் உழைப்புக்கும் கூலி. தண்ணீருக்கு விலை அல்ல.

திறந்த சாப்ட்வேர் வியாபாரம் முழுவதும் இந்த வண்டிக் கூலிதான்.

சிவப்புத் தொப்பி

மார்க் யூயிங் என்ற இளைஞர் கல்லூரியில் படித்தபோது தம் தாத்தாவின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிவார். கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால், "அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனைக் கேள்" என்பார்களாம். 1994-ம் ஆண்டு அவர் லினக்சைச் சுலபமாக ஏற்றும்படி தொகுத்து வெளியிட்டார். தொப்பியின் பெயரையே வைத்தார்.

பாப் யங் என்ற வியாபாரி அவருடன் கூட்டுச் சேர்ந்தார். வீட்டில் மனைவி தையல் வேலை செய்யும் சின்ன அறையிலிருந்து தபால் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். இருவரும் சேர்ந்து லினக்சைக் குறுந்தகட்டில் பதிந்தார்கள். கூட ஒரு புத்தகம் வைத்தார்கள். அழகான அட்டைப் பெட்டியில் போட்டு, சுமார் 50 டாலருக்கு விற்றார்கள்.

அதே லினக்சை வேறு சிலர் பெட்டி இல்லாமல், புத்தகம் இல்லாமல் சில டாலருக்கு விற்றார்கள். அது சட்டப்படி சரி. ரெட் ஹாட்டால் தடுக்க முடியாது. தடுக்கவும் இல்லை. ஆனாலும் 50 டாலர் பெட்டி விற்றது! பெயருக்காக வாங்கினார்கள். பெட்டியில் இருக்கும் புத்தகத்துக்காக வாங்கினார்கள். தகராறு வந்தால் கேட்க ஆள் இருக்கிறது என்று வாங்கினார்கள். கூழுக்கு மாவு எங்கும்தான் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு கடையின் மாவைத் தேடிப் போய் வாங்கும் பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. சரக்கு பொது, முத்திரை சொந்தம்.

1999-ம் ஆண்டு ஆகஸ்டில் கம்பெனியின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. ஒரு பங்கு 14 டாலர் என்று அறிவித்தார்கள். அன்று மாலைக்குள் 52 டாலருக்கு ஏறிவிட்டது. இனாம் சரக்கு விற்கிறவனைப் பைத்தியக்காரன் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் பெட்டி வியாபாரம் நெடுநாள் நிற்காது என்று கம்பெனிக்குத் தெரிந்தது. இன்டர்நெட் வேகம் ஏற ஏற, பெட்டி வாங்க ஆள் குறையும். எனவே 2002, 2003-ம் ஆண்டுகளில் வழியை மாற்றினார்கள். பெட்டி விற்பதை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு வந்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் பல நூறு டாலர் ஆகும்.

சந்தா கட்டினால் என்ன கிடைக்கும்? ஒரே பதிப்பைப் பத்து ஆண்டு வரை காபந்து செய்து தருவார்கள். எங்காவது ஓட்டை தெரிந்தால் திருடன் நுழைவதற்குள் அடைத்துக் கொடுப்பார்கள். நடுராத்திரியில் பாங்கியின் கம்ப்யூட்டர் நின்றுபோனால் டெலிபோனில் எஞ்சினீயர் கிடைப்பார். இதெல்லாம் வேலை. வேலைக்குக் கூலி கேட்பதில் தப்பு இல்லை.

மூலப் பிரதியை என்ன செய்தார்கள்? ஜி.பி.எல். பத்திரப்படி வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுத்தால் போதும். ரெட் ஹாட் அதற்கு மேலேயே செய்தது. ஊரார் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்தது. அந்தப் பெருந்தன்மைக்கு அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர்

அந்தத் திறந்த பிரதியை எடுத்து, ரெட் ஹாட்டின் பெயரையும் தொப்பிப் படத்தையும் மட்டும் நீக்கிவிட்டு, சிலர் அச்சாக அதே போல ஒன்றைச் செய்தார்கள். 2004-ம் ஆண்டு வந்த அதன் பெயர் சென்ட் ஓ.எஸ். சந்தா கிடையாது. டெலிபோன் உதவி கிடையாது. ஆனால் சரக்கு அதேதான்.

காசில்லாத இடங்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்கள், சின்னக் கம்பெனிகள் எல்லாம் சென்ட் ஓ.எஸ். வைத்தே காலம் தள்ளின. சுவிட்சர்லாந்தில் அணுத் துகள்களை ஆராயும் செர்ன் நிலையம்கூட அதைப் பயன்படுத்தியது. 2014-ம் ஆண்டு ரெட் ஹாட்டே சென்ட் ஓ.எஸ். குழுவைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது.

2019-ம் ஆண்டு ஜூலையில் ரெட் ஹாட் ஐ.பி.எம். கைக்குப் போயிற்று.

2020-ம் ஆண்டு டிசம்பரில் முதல் இடி விழுந்தது. சென்ட் ஓ.எஸ். எட்டாம் பதிப்பை 2029-ம் ஆண்டு வரை காப்பாற்றுவார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். "2021-ம் ஆண்டு முடிவோடு நிறுத்திவிடுகிறோம்" என்று ரெட் ஹாட் அறிவித்தது. அதை நம்பிக் கம்ப்யூட்டர்களை மாற்றி அமைத்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எட்டு ஆண்டு வாடகைக்கு என்று குடி வந்தவரை ஒரே ஆண்டில் காலி செய்யச் சொன்னது போல ஆயிற்று.

மூலப் பிரதிதான் திறந்து கிடக்கிறதே! சென்ட் ஓ.எஸ்.சைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர், ராக்கி லினக்ஸ் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். தம்முடன் உழைத்து இறந்துபோன நண்பரின் பெயரை அதற்கு வைத்தார். அல்மா லினக்ஸ் என்று இன்னொன்று வந்தது. செர்ன் நிலையம் 2022-ம் ஆண்டு அல்மாவுக்கு மாறுவதாக அறிவித்தது.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாவது இடி. இனி மூலப் பிரதியை ஊராருக்குத் திறந்து வைக்க மாட்டோம் என்றது ரெட் ஹாட். அடுத்த பதிப்புக்காகத் தயாராகும் வேலைகளை எல்லோரும் பார்க்கலாம். ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பதிப்பின் மூலப் பிரதி வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

இது வரையில் சட்டம் சரி. ஜி.பி.எல். பத்திரம் கேட்பது அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் அதை வாங்கி வெளியில் கொடுத்தால்? பத்திரப்படி அது அவர் உரிமை. ஆனால் சந்தா ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சந்தா மூலம் கிடைத்ததை எடுத்து மறுபடி வெளியிட்டால் ஒப்பந்த மீறல் ஆகிவிடும். கம்பெனி உறவை முறித்துக்கொள்ளலாம்.

அதாவது வண்டிக்காரர் சொல்கிறார்: "பாட்டி, இந்தத் தண்ணீர் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. நான் தடுக்க மாட்டேன். ஆனால் கொடுத்தீர்களானால், நாளை முதல் உங்கள் வீட்டுக்கு வண்டி வராது."

இது உரிமையா? கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்தால் வீட்டை விட்டுப் போ என்பதுபோல் இருக்கிறது. பத்திரத்தை மீறவில்லை என்று வக்கீல்கள் சொல்லலாம். மீறியதுதான் என்று வேறு வக்கீல்கள் வாதிக்கலாம். சொல்லளவில் உரிமையைக் கொடுத்து, செயலளவில் அதற்குத் தண்டனை விதித்த பிறகு, அந்த உரிமையில் மிச்சம் என்ன இருக்கிறது?

கம்பெனியின் நியாயம்

ரெட் ஹாட் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

பக்கத்து வீட்டில் இருப்பது எப்போதும் ஏழைப் பாட்டி அல்ல. சில சமயம் அங்கே இருப்பது இன்னொரு பெரிய தண்ணீர் வண்டிக்காரர்! ஆரக்கிள் என்ற ராட்சதக் கம்பெனி 2006-ம் ஆண்டிலிருந்து ரெட் ஹாட்டின் மூலப் பிரதியை எடுத்துத் தன் பெயரில் லினக்ஸ் வெளியிட்டு, குறைந்த விலைக்குச் சந்தா விற்று வருகிறது. கிணற்றில் தூர் வாருவது ஒருவன், தண்ணீர் விற்பது மற்றவன் என்று ரெட் ஹாட் குமுறுகிறது. தன் எஞ்சினீயர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் காசு சந்தாவிலிருந்துதான் வருகிறது என்கிறது. அந்த எஞ்சினீயர்கள் எழுதுவது லினக்சின் பொதுக் கிணற்றுக்கே போய்ச் சேருகிறது என்பதும் உண்மை.

காசு வராவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு முறை பார்த்துவிட்டது.

"ஓப்பன் எஸ்.எஸ்.எல்." என்று ஒரு சாப்ட்வேர். இன்டர்நெட்டில் பாங்கிக் கணக்கு பார்க்கும்போதும் சாமான் வாங்கும்போதும் ரகசியத்தைக் காக்கும் பூட்டு அது. இதுவும் பொதுச் சொத்து. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் இனாமாக எடுத்துப் பயன்படுத்தின. 2014-ம் ஆண்டு ஏப்ரலில் அந்தப் பூட்டில் பயங்கரமான ஓட்டை இருப்பது தெரிந்தது. "இருதய ரத்தக் கசிவு" என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார்கள். கனடா நாட்டின் வரி இலாகாவிலிருந்து சுமார் 900 பேருடைய அடையாள எண்கள் திருட்டுப் போயின.

இவ்வளவு முக்கியமான பூட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரித்தார்கள். முழு நேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். அந்தத் திட்டத்துக்கு ஆண்டு முழுவதும் வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்! கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட ஒரு காசு கொடுக்கவில்லை. திறந்த சாப்ட்வேருக்கு யாரும் காசு கேட்கக் கூடாது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வேறு சில கம்பெனிகள் இன்னும் கடுமையாகப் போய்ப் பத்திரத்தையே மாற்றின. தாங்கள் எழுதியதை அமேசான் போன்ற முதலைகள் எடுத்து வாடகைக்கு விடுகின்றன என்பது அவற்றின் புகார். ரெடிஸ் கம்பெனி 2024-ம் ஆண்டு மார்ச்சில் அப்படி மாற்றியது. உடனே பலர் பழைய பிரதியை எடுத்துக்கொண்டு "வால்கி" என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். 2025-ம் ஆண்டு மே மாதம் ரெடிஸ் திறந்த பத்திரத்துக்கே திரும்பி வந்தது. பூட்டுப் போட்டால் வாடிக்கைக்காரர் கிணற்றை விட்டே போகிறார், அதுவும் தெரிந்துவிட்டது.

ராக்கியும் அல்மாவும்

ரெட் ஹாட் கதவைச் சாத்தியதும் அந்தப் பக்கம் என்ன நடந்தது?

அல்மா லினக்ஸ் 2023-ம் ஆண்டு ஜூலையிலேயே முடிவு செய்தது. எழுத்துக்கு எழுத்து ரெட் ஹாட்டைப் போல இருக்க இனி முயல மாட்டோம். அதில் ஓடும் சாமான்கள் இதிலும் ஓடினால் போதும் என்றது. ராக்கி லினக்ஸ், ஒப்பந்தத்தில் சிக்காத வேறு வழிகளில் மூலப் பிரதியைப் பெறுவதாக அறிவித்தது. ஆகஸ்டு மாதம் ஆரக்கிள், சூசே, குர்ட்சரின் சி.ஐ.க்யூ. ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து "ஓப்பன் எலா" என்று ஒரு சங்கம் அமைத்தன. மூலப் பிரதியை எல்லோருக்கும் திறந்து வைப்பதே அதன் வேலை. எதற்காக ரெட் ஹாட் கதவைச் சாத்தியதோ, அந்த ஆரக்கிள் சாவித் துவாரம் வழியாக உள்ளே வந்துவிட்டது!

கஷ்டப்பட்டவர்கள் யார்? ஒரு கல்லூரியில் தனி ஆளாக இருபது கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறவர். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிக் கணக்கை எழுதி வைக்கிறவர். இப்படிப்பட்டவர்கள்தான் இரவு பகலாக உட்கார்ந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். ஓரளவு ஆறுதலாக, 16 கம்ப்யூட்டர் வரை சந்தா இல்லாமல் வைத்துக்கொள்ள 2021-ம் ஆண்டு ரெட் ஹாட் ஒரு சலுகை கொடுத்தது. பதினேழாவது கம்ப்யூட்டர் உள்ளவருக்கு?

இன்னொன்றும் யோசிக்கத்தக்கது. ரெட் ஹாட் விற்பதில் அதன் சொந்த எழுத்து ஒரு பங்குதான். பின்லாந்து மாணவர் எழுதியது அதில் இருக்கிறது. வேலையை விட்டு வந்த ஸ்டால்மன் எழுதியது இருக்கிறது. சம்பளம் வாங்காமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிய எத்தனையோ பேருடைய உழைப்பு இருக்கிறது. அவர்களில் பலர் பத்திரத்தில் எழுதிய அந்தக் கடைசி வாசகத்தை நம்பித்தான் கொடுத்தார்கள். எடுத்தவன் அடுத்தவனுக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது. அவர்கள் கேட்ட விலை அது ஒன்றுதான். காசு கேட்கவில்லை.

அந்த விலையை ரெட் ஹாட் கட்ட வேண்டாமா?

கட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படக் காரணம் இல்லை. காபந்துக்கும், நடுராத்திரி டெலிபோனுக்கும், பெயருக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கட்டும். வெளியில் கொடுத்தால் உறவு முறியும் என்ற வாசகத்தை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிடட்டும். 2012-ம் ஆண்டில் ரெட் ஹாட்டின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. திறந்த சாப்ட்வேர் கம்பெனி ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அப்போது மூலப் பிரதி எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது. பக்கத்திலேயே சென்ட் ஓ.எஸ். இனாமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆரக்கிளும் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியதும் கதவு திறந்திருந்த அந்தக் கம்பெனியைத்தான்.